இருமினால் யூரின் கசிகிறதா? இடுப்புத்தள பிசியோதெரபிக்குப் போய் வந்த அனுபவம்

தும்மினால், இருமினால், கனமாக எதையாவது தூக்கினால் யூரின் கசிகிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் பேட் வைத்துச் சமாளிக்கிறவர்கள், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கென்று இருக்கும் பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு நல்ல பலன் கிடைத்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் பயிற்சியே கிடையாது. மூன்று நாளைக்கு டைரி எழுதச் சொன்னார்கள்: எப்போது என்ன குடித்தோம், எப்போது பாத்ரூம் போனோம், எத்தனை மில்லி, எப்போது கசிந்தது. ஒவ்வொரு முறையும் கப்பில் பிடித்து அளப்பது சலிப்பான வேலைதான், ஆனால் கண்ணைத் திறந்தது அந்தத் தாள்தான். பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 600 மில்லி வரை தாங்கும், என் தாளில் பல வரிகளில் 100 கூட இல்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் எதற்கும் போய்விட்டு வருவோம் என்று போய்ப் பழகினால், கொஞ்சம் நிறைந்ததுமே பை அவசரப்படுத்த ஆரம்பித்துவிடுகிறது. அவசரம் வந்தால் ஓடக் கூடாது, உட்கார்ந்து இடுப்புத்தளத் தசையை நாலைந்து முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்தி, அது அடங்கியதும் நிதானமாக எழுந்து போக வேண்டும். ஒருமுறை பாத்ரூம் போவதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியை 15 நிமிடம், 15 நிமிடமாகக் கூட்டச் சொன்னார்கள்.

அப்புறம் கீகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது. வீடியோ பார்த்தே செய்யலாமே என்பீர்கள். பலர் வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, வேண்டிய தசையை அசைக்காமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே நம் சம்மதம் கேட்டு, சரியான தசைதான் மேலே இழுக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் திருத்துகிறார்கள், கொடுக்கும் காசு அதற்கே தகும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிப் பிடிக்கும் வித்தை சீக்கிரமே கைகொடுக்கும். தசை வலுவாக மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

பிடிக்காதது, ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் சத்தமாக என்ன பிரச்சினை என்று கேட்டது. இந்த விஷயத்துக்கு வருகிறவர்களிடம் அப்படிக் கேட்கவே கூடாது. கடைசியில் ஒரு மெஷினையும் வாங்கச் சொன்னார்கள், நான் வாங்கவில்லை.

பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், யூரின் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். காபியைக் குறைத்துப் பாருங்கள். ரத்தமோ எரிச்சலோ வலியோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டர், பிறகு பிசியோ.