நன்னடத்தை அலுவலகத்தில் 12 வாரக் களப்பணி: ஒரு மாணவரின் மதிப்பீடு

சமூகப்பணி முதுகலைப் படிப்பின் ஒரு பகுதியாக, நன்னடத்தை அலுவலகம் ஒன்றில் 12 வாரங்கள் களப்பணி முடித்திருக்கிறேன். சிறைக்கு அனுப்பப்படாமல் நிபந்தனைகளோடு வெளியில் விடப்பட்டவர்களை ஒரு நன்னடத்தை அலுவலர் எப்படிக் கண்காணிக்கிறார், எப்படித் துணைநிற்கிறார் என்பதை அருகிலிருந்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இந்தப் பணியைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால், பயிற்சி நடத்தப்பட்ட விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் உண்டு.

முதல் இரண்டு வாரங்கள் பதிவேடுகளை அடுக்குவதிலும் நகல் எடுப்பதிலும் கழிந்தன. எதைப் படிக்கலாம், எதை வெளியில் பேசக் கூடாது, வந்தவர் கோபப்பட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற அடிப்படைகளை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. பிறர் வாழ்க்கையின் அந்தரங்கமான பக்கங்களை ஒரு மாணவன் கையில் கொடுக்கும் அலுவலகம் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் நேர்காணல்களில் உடனிருக்க அனுமதி கிடைத்தது. உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. தண்டனையை முடிவுசெய்யும் முன் நீதிமன்றம் கேட்கும் சமூக விசாரணை அறிக்கைக்காக, குற்றம் எப்படி நடந்தது என்பதோடு நிற்காமல், அதைச் செய்தவருடைய வீடு, வேலை, கடன், குடிப்பழக்கம், யார் சொன்னால் அவர் கேட்பார் என்பது வரை விசாரித்து, கேட்டவற்றைக் குடும்பத்தாரிடமும் வேலை கொடுத்தவரிடமும் சரிபார்க்க வேண்டியிருந்தது. ‘அவர் சொன்னார்’, ‘நான் பார்த்தேன்’, ‘நான் கருதுகிறேன்’ ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்ற குறிப்போடு என் முதல் வரைவு நான்கு முறை திரும்பி வந்தது. எழுதுவதைப் பற்றி எந்த வகுப்பும் எனக்கு இவ்வளவு கற்றுத்தந்ததில்லை.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்காணிப்பில் இருந்த இளைஞர் ஒருவர் தொடர்ந்து இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிக் கோப்பை மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் அந்தச் சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடிட்டு, “தம்பி, நாம எத்தனை மணிக்கு வரச் சொன்னோம்?” என்று கேட்டார். காலை 9 மணிக்கு என்றேன். “அவருக்கு வேலை எப்ப முடியுது?” என்றார். அதே கோப்பில் சில பக்கங்களுக்கு முன்னால் நானே எழுதியிருந்தேன்: இரவுப் பணி, காலை 8 மணி வரை, அங்கிருந்து வர இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். மேற்பார்வையாளர் சந்திப்பை மாலைக்கு மாற்றினார். வராமல் போனதை மறைக்காமல், காரணத்தையும் புதிய நேரத்தையும் சேர்த்துப் பதியச் சொன்னார். அடுத்த வாரம் அந்த இளைஞர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990-இல் ஏற்றுக்கொண்ட, சிறைக்கு மாற்றான நடவடிக்கைகளைப் பற்றிய டோக்கியோ விதிகள், அவற்றில் விதிக்கப்படும் நிபந்தனைகள் நடைமுறைக்கு ஏற்றவையாகவும் துல்லியமாகவும் இயன்றவரை குறைவாகவும் இருக்க வேண்டும் என்றும், இந்த ஏற்பாடு ஒருவரிடம் பலிக்கவில்லை என்பதாலேயே அவருக்குத் தானாகச் சிறைத்தண்டனை வந்துவிடக் கூடாது என்றும் சொல்வதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருள் அந்தப் பென்சில் கோட்டில்தான் எனக்கு விளங்கியது. 1841-இல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி, குடிகாரர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைப் பிணையில் எடுத்து, மூன்று வாரங்கள் கழித்துத் தெளிந்த மனிதராக நீதிமன்றத்துக்குத் திரும்ப அழைத்துவந்ததிலிருந்து இந்தத் துறையின் கதையைத் தொடங்குவார்கள். பொறுப்பேற்றுக் கூடவே நிற்கும் அந்தக் குணம் இத்தனை படிவங்களுக்கு நடுவிலும் இங்கே மிஞ்சியிருக்கிறது என்பதற்காகவே இந்த இடத்துக்கு உயர்ந்த மதிப்பெண் தருகிறேன்.

இனி மனக்குறை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் மேற்பார்வைக் கலந்துரையாடல் என்று களப்பணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 12 வாரங்களில் நடந்தவை ஐந்து மட்டுமே. அலுவலர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. ஒவ்வொருவர் மேசையிலும் கோப்புகள் அவ்வளவு குவிந்திருந்தன. ஆனாலும், தன் பிள்ளையை அடித்த தந்தை ஒருவர் பேசியதைக் கேட்ட அன்று மாலை, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் வீடு திரும்பி, விடியும் வரை தூக்கம் வராமல் கிடந்தேன். பயிற்சி மாணவரை ஏற்கும் அலுவலகம் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எந்த வேலைக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சேர நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மேற்பார்வையாளர் விடுப்பில் போனால் பொறுப்பு யாருக்கு என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டுச் சந்திப்புக்குத் தனியாக அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். என்னை ஒருமுறை அப்படி அனுப்பினார்கள். அன்று தவறாக எதுவும் நடக்கவில்லை என்றாலும், அனுப்பியது தவறு.