பெருச்சாளி உள்ள வீட்டில் தொட்டித் தோட்டம்: சில வருஷ அனுபவம்

பெருச்சாளித் தொல்லைக்காகத் தரையை விட்டுத் தொட்டிக்கு மாறலாமா என்றால், தாராளமாக மாறலாம். ஆனால் குரோ பேக் எனும் செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

எங்கள் மனை தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்குப் பக்கம். அடுத்த மனை காலியாக முள் மண்டிக் கிடக்கிறது, தெருவோரம் மூடாத மழைநீர்க் கால்வாய். இதைவிட வசதி வேறென்ன வேண்டும் பெருச்சாளிக்கு? மதில் சுவருக்கு அடியில் வளை, வாசலில் தள்ளிவிட்ட மண் குவியல். சர்க்கரைவள்ளி, சேம்பு, சேனை எது போட்டாலும் மேலே பச்சைப்பசேல் என்று இருக்கும், தோண்டினால் கடித்துப்போட்ட மிச்சம்தான் கிடைக்கும். விஷம் வைக்க எனக்கு மனசில்லை. தெரு நாயும், ராத்திரி கம்பத்தில் வந்து உட்காரும் ஆந்தையும் செத்ததைத் தின்றால் அதுகளும் போய்விடும்.

முதலில் வாங்கியது 15க்கு 15 அங்குல குரோ பேக், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனம். நல்ல தரம்தான், வெயிலில் எளிதில் இற்றுப் போகவில்லை. கத்தரிச் செடி ஒன்று மட்டும் மதியமானால் துவண்டு, தண்ணீர் விட்டால் கொஞ்சம் நிமிர்ந்து இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் லேசாக இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பையைச் சாய்த்தேன், தண்ணீர் வடியும் ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு ஆகியிருக்கிறது, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் இழை நார் நாராகத் தொங்குகிறது, நேர் கீழே தரையில் வளை வாய். கொறிக்கும் பிராணிகளுக்கு முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், நெய்த பிளாஸ்டிக்கெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் குரோ பேக் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டேன், அங்கே இன்றுவரை பிரச்சினை இல்லை.

கீழே நிலைத்து நின்றது, 200 லிட்டர் நீல டிரம்மை இரண்டாக அறுத்த தொட்டிதான். பழைய டிரம் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ஆசிட், கெமிக்கல் டிரம் விலை குறைவு என்றாலும் வேண்டாம். அடியில் கட்டைவிரல் நுழையாத அளவுக்கு ஓட்டைகள் போட்டு, உள்பக்கம் அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலையைப் பரப்பி, அதன் மேல் தேங்காய் மட்டை, பிறகு மண் கலவை. பூச்செடிக்கு விற்கும் மெல்லிய அறுகோணக் கோழிவலை போதாது, கம்பிகளைப் பற்றவைத்த வெல்ட் மெஷ்ஷாகக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், தொட்டியை எதன் மேல் வைக்கிறோம் என்பது. தரையோடு ஒட்டி வைத்தால் அடியில் நிழலும் ஈரமும் சேர்ந்து, அதுவே பெருச்சாளி குடித்தனம் நடத்த இடமாகிவிடுகிறது. ஹாலோ பிளாக் (உள்ளே துளையுள்ள சிமெண்ட் கல்) அடுக்கி ஒரு அடி உயரத்தில் வைத்து, கீழே துடைப்பம் விட்டுப் பெருக்கும்படி இடைவெளி விட்ட பிறகுதான் வளை தோண்டுவது நின்றது. மறைவில்லாத இடத்தில் அது தங்குவதில்லை. வீட்டெலி வேறு கதை, அது ஏறும், தக்காளி பழுக்கும்போது எனக்கு அதோடுதான் சண்டை.

மண்ணுக்குள் இருந்து வரும் எல்லாவற்றையும் தொட்டி தடுக்காது. அரைகுறையாக மக்கிய சாணம் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும், ஆங்கில ‘சி’ போல வளைந்த கொழுத்த வெள்ளைப் புழு வேர்ப்பக்கம் கிடக்கும். நன்றாக மக்கியதைச் சலித்துப் போட்டு, அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைப் பொடி கலந்தபின் வெகுவாகக் குறைந்தது. வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவும் அப்படித்தான், தோட்டத்து மண்ணை அள்ளிப்போட்டால் கூடவே வந்துவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அந்த மண்ணில் மறுபடி வெண்டை, தக்காளி வைக்காதீர்கள். வேப்பம் புண்ணாக்கு ஓரளவு கட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

செலவென்றால் தண்ணீர்தான். கத்திரி வெயிலில் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றியாக வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் சொட்டுநீர்க் குழாய் போடாமல் தொடங்க வேண்டாம். சருகு மூடாக்கு போட்டால் கொஞ்சம் தாங்கும். கலவையும் வருஷத்துக்கு நாலைந்து அங்குலம் இறங்கிவிடும், மேலே நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இஞ்சி, மஞ்சள், சேனை மூன்றும் அரை டிரம்மில் அருமை. சர்க்கரைவள்ளி வரும், ஆனால் கிழங்கு சின்னது. மரவள்ளி சரிப்படவில்லை. அதற்குத் தரையில் குழி வெட்டி, சுற்றிலும் அடியிலும் அதே கம்பி வலையைக் கூண்டாகக் கட்டி இறக்கி நடுகிறேன். ஈர மண்ணில் வலை துருப்பிடிக்கத்தான் செய்யும், ஒவ்வொரு அறுவடையிலும் தட்டிப் பார்த்து இற்றுப்போன பக்கத்தை மட்டும் மாற்றுகிறேன். தென்னங்கன்றுக்கும் இதே கூண்டுதான், இளங்கன்றின் அடிக்குருத்தைப் பெருச்சாளி விடவே விடாது.