கொளச்சல்ல கிடந்த மோரிஸ் மைனரும் தக்கலை பக்கத்து ஆசானும்: ஒர்க்‌ஷாப் அனுபவம்

எங்க தாத்தா குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர்ட்ட இருந்து செகண்ட் ஹேண்டா வாங்கின 1955 மோரிஸ் மைனர் கார், 803 சிசி, முன்கண்ணாடி ரெண்டு துண்டா இருக்குமே அந்த டைப். வீடு கடல்ல இருந்து கூப்பிடு தூரம், அதனால வருசக்கணக்கா ஷெட்டுல கிடந்து உப்புக்காத்துல அடிப்பக்கம் பூரா அரிச்சு போச்சு. முதல்ல வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், பேரு வேண்டாம், அங்க மூணாம் நாளே முன்கண்ணாடிக்கு மேல தொப்பி மாதிரி நிக்குற தகர சன்வைசர கழட்டி இரும்பு கடைக்கு போடுற குவியல்ல போட்டுட்டாங்க. கம்பெனில வந்தது இல்லையாம், அதனால வேண்டாமாம். சண்ட போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

பொறவுதான் தக்கலை பக்கம் இருக்க இந்த இடத்துக்கு வந்தேன். பெரிய போர்டு எல்லாம் கிடையாது, மூத்த மெக்கானிக்க எல்லாரும் ஆசான்னுதான் கூப்பிடுவாங்க. வண்டிய இறக்குனதும் ஸ்பேனர தொடவே இல்ல, "மக்கா, ரெண்டு நாளு நான் சும்மா பாக்கேன், கழுவாண்டாம்"னு சொல்லிட்டாரு. அந்த ரெண்டு நாளுக்கு 4,000 ரூபா, அந்த காசுக்கு நான் கத்துக்கிட்டது ரொம்ப பெருசு.

சன்வைசர் கிளாம்ப் இருந்த இடத்த தொடைச்சு காட்டினாரு, அங்க மட்டும் பழைய பச்ச பெயின்ட் அப்படியே இருக்கு, சுத்தி எல்லாம் மேல வேற ரெண்டு கோட்டு ஏறியிருக்கு. அப்போ முதல் ரீபெயின்டுக்கு முன்னாடியே மாட்டியாச்சு, அது அந்த காலத்து ஆக்சசரி, தூக்கிப் போட கூடாதுன்னாரு. ஓட்டைக்கும் இதே கணக்குதான், கம்பெனி போட்ட ஓட்டைன்னா பிரைமரும் பெயின்டும் உள்விளிம்பு வரைக்கும் இறங்கியிருக்கும், பின்னாடி டிரில் போட்டதுன்னா விளிம்புல பெயின்ட் செதறி துரு பிடிச்சிருக்கும். பம்பர்ல இருந்த மஞ்ச ஃபாக் லாம்ப் வயரு துணி சுத்தினது, ஸ்டாப் லைட்டுக்கு போட்டது பிளாஸ்டிக் வயரு, அதனால ரெண்டும் வேற வேற காலத்துல வேற வேற ஆளு செஞ்ச வேலைன்னாரு. டிஸ்ட்ரிப்யூட்டர் (பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு குடுக்குற சாமான்) மேல அத செஞ்ச லூகாஸ் கம்பெனிக்காரன் குத்தின மாசமும் வருசமும், 3 55, லென்ஸ் வச்சு காட்டினப்போ எனக்கு புல்லரிச்சு போச்சு, வண்டியோட வயசே அதுல நிக்குது.

ரெண்டு கதவுக்கும் நடுவுல உள்ள தூண்ல நூல்ல கட்டின காந்தத்த வச்சாரு, ஒரு இடத்துல ஒட்டவே இல்ல. சொரண்டினா உள்ள பூரா பட்டி, அதுக்கடியில டிராஃபிகேட்டர் இருந்த நீளமான துளை! கை மாதிரி வெளிய நீட்டுற பழைய இண்டிகேட்டர், மைனர்ல மினுக்குற லைட்டு பொதுவா கம்பெனில இருந்து வந்ததே 1961லதான், நம்ம வண்டியில பின்னாடி யாரோ அடைச்சிட்டு விங்க (மட்கார்ட) வெட்டி லைட்டு வச்சிருக்காங்க.

இதுலயும் விசித்திரம் பானட்டுக்குள்ள கிடந்த குட்டி டாங்கும் ரெண்டு வழி பித்தளை டேப்பும் (திருகுற குழாய்)தான். நான் எதோ வாட்டர் டாங்குன்னு நினைச்சேன். ஆசான் மோந்து கூட பாக்காம மண்ணெண்ணெய் செட்டப்புன்னுட்டாரு. மண்ணெண்ணெய் குளுந்த இன்ஜின்ல ஆவியாகாது, அதனால பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் டேப்ப திருப்பணும், நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு மாத்தணும், இல்லன்னா காலையில ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் ஆயிலையும் கெடுக்கும், இன்ஜின்ல நாக்கிங் (தட்டுற சத்தம்) வரும், இருந்தாலும் பெட்ரோல் விலை ஏறுனப்போ அப்படி ஓட்டி சமாளிச்சிருக்காங்க. அம்மாட்ட கேட்டேன், தாத்தா வண்டியில எப்பவும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்னு சொன்னா. அந்த டேப்ப கழட்ட மனசு வரல, லைன மட்டும் கட் பண்ணிட்டு அப்படியே விட்டாச்சு.

ஆனா பேட்டரிய சார்ஜ் பண்ண பழைய டைனமோவுக்கு பதிலா பின்னாடி யாரோ மாட்டியிருந்த மாருதி 800 ஆல்டர்னேட்டர மட்டும் ஆசான் வண்டியில இருக்க விடல. இந்த வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடியில சேரும், ஆல்டர்னேட்டருக்காக அத நெகட்டிவா மாத்தினவன் இக்னிஷன் காயில்ல எஸ்.டபிள்யூ., சி.பி.ன்னு இருக்க ரெண்டு முனை வயரயும் இடம் மாத்தாம விட்டுட்டான், அதனாலதான் ஸ்பார்க் வீக்கு. டைனமோ கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு.

குறையும் சொல்லணும். ரெண்டு மாசம்னு சொன்ன வேலை பத்து மாசம், போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போனாதான் பதிலு, எஸ்டிமேட் எழுதி தர்ற பழக்கமே இல்ல, நான் ஒரு நோட்டு வாங்கி குடுத்து எழுத வச்சேன். அவசரம்னா இங்க போகாதீங்க. ஆனா கழட்டுன ஒவ்வொரு சாமானையும் டப்பாவுல போட்டு சீட்டு ஒட்டி வச்சிருந்தாரு, அந்த அக்கறைக்காக நான் மறுபடியும் அவர்ட்டதான் போவேன்.

50 வருசம் தாண்டின வண்டிய விண்டேஜா பதிய 2021ல வந்த விதிப்படி சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்க கூடாது, நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். அதுக்கு எழுதிப் போட போறேன். நீங்க போறதா இருந்தா பழைய ஆர்.சி. புக்கும், வீட்டு ஆல்பத்துல வண்டி நிக்குற போட்டோ இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க, ஆசான் முதல்ல கேக்குறது அதுதான்.