தூந்திராவைப் பார்க்க: ஸ்வால்பார்டா, அபிஸ்கோவா?

பனிக்கரடிதான் வேண்டும் என்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஸ்வால்பார்டுக்குப் போய்விடலாம். அபிஸ்கோவில் பனிக்கரடி கிடையாது. தூந்திரா என்கிற, மரம் வளராத குளிர் நிலத்தை, அதன் மண்ணும் செடியும் பூச்சியும் பறவையுமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு இடங்களுக்கும் கோடையில் போயிருக்கிறேன். மறுபடி போக வாய்ப்பு வந்தபோது அபிஸ்கோவைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். அதன் முக்கிய ஊரான லாங்யர்பியன் 78 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அபிஸ்கோ ஸ்வீடனின் வடகோடியில், 68 டிகிரியைச் சற்றே தாண்டி. இரண்டுமே வறண்ட ஊர்கள். ஆண்டு முழுவதும் சேர்த்து மழையும் பனியுமாக லாங்யர்பியனில் சுமார் 200 மில்லிமீட்டர், அபிஸ்கோவில் சுமார் 300. இவ்வளவு குறைவாகப் பெய்தும் ஸ்வால்பார்டின் பள்ளத்தாக்குகளில் கால் வைத்தால் சதசதவென்று ஈரம். கீழே உறைந்து கிடக்கும் மண் தண்ணீரை இறங்க விடாததுதான் காரணம். கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவுக்கு இளகும், அதற்குக் கீழே பள்ளத்தாக்கிலேயே நூறு மீட்டர் ஆழம்வரை உறைமண். வீடுகளைக் கால் நட்டு உயர்த்திக் கட்டியிருப்பதும் இதனால்தான். வீட்டின் சூட்டில் அடிமண் இளகினால் கட்டடம் சாய்ந்துவிடும்.

உறைமண் என்று பார்த்தால் அபிஸ்கோ தோற்றுவிடும். அங்கே அது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஸ்டோர்டாலன் சதுப்பில், உள்ளே உறைந்து மேலே மேடாக நின்ற கரி மண் (மட்காத செடிகள் சேர்ந்து உருவான மண்) அமிழ்ந்து, அந்த இடத்தில் நீரும் கோரையும் பஞ்சுப்புல்லும் பரவுவதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். அங்கிருந்து வெளியேறும் மீத்தேனையும் அளக்கிறார்கள்.

விலங்குகளிலும் ஸ்வால்பார்டு முந்துகிறது. குட்டைக் கால் துருவ மான்கள் ஊருக்குள்ளேயே மேய்கின்றன. கடற்பறவைகள் கூடு கட்டும் பாறைகளின் அடிவாரம் எச்சத்தின் உரத்தால் பச்சைப்பசேல் என்றிருக்கும், பனிநரி அங்கேதான் சுற்றும். அபிஸ்கோவில் காணும் மான்கள், அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான சாமி மக்கள் வளர்ப்பவை. லெம்மிங் எலிகள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு அடியோடு குறைந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தோடு ஆந்தைகளின் வரவும் மாறும். நீங்கள் போகும் ஆண்டு எது என்பது அதிர்ஷ்டம்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் அபிஸ்கோ? தனியாக நடக்கலாம் என்பதால்.

லாங்யர்பியனின் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருந்தாக வேண்டும், துப்பாக்கியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே நம்மைப் போன்றவர்கள் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு குழுவாகத்தான் போகிறோம். அவர் நின்றால் நாம் நிற்க வேண்டும், அவர் நடந்தால் நடக்க வேண்டும். அவர்கள்மேல் குறை சொல்லவில்லை, உயிர்ப் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் தூந்திராவின் வாழ்க்கை முழுவதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் நடக்கிறது. அதற்கு மேலே காற்று குளிர்ந்து வீசும்போது, வெயில் பட்ட தரையை ஒட்டிய காற்று பல டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். செடிகள் மெத்தை போல் நெருங்கிப் படிந்து வளர்வது அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கத்தான். டிரையாஸ் என்கிற, தரையோடு படரும் செடியின் வெள்ளைப் பூ சூரியனைப் பார்த்தே திரும்பும், அதன் குழிவுக்குள் ஈக்கள் வந்து குளிர் காயும். இதைப் பார்க்க மண்டியிட வேண்டும், சில சமயம் குப்புறப் படுக்கவே வேண்டும். டிரையாஸ் ஸ்வால்பார்டிலும் உண்டு, ஆனால் குழு காத்திருக்கும்போது அரைமணி நேரம் எப்படிப் படுத்திருப்பது?

ஸ்வீடனில் எவரும் காட்டிலும் மலையிலும் நடக்கலாம் என்பது மரபாக வந்த உரிமை. 1909-லேயே அறிவிக்கப்பட்ட அபிஸ்கோ தேசியப் பூங்காவில் கூடாரம் அடிக்க மட்டும் குறித்த இடங்கள் உண்டு. ரயிலில் இறங்கி நேரே நுவோல்யா மலையில் ஏறலாம். கோடையின் மிக வெதுவெதுப்பான மாதத்தில் சராசரி வெப்பம் சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் மரம் வளராது என்பது பொதுக்கணக்கு. மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஜூலைச் சராசரி அதைவிடச் சற்று அதிகம், அதனால் பிர்ச் காடு இருக்கிறது. ஏற ஏற மரங்கள் குட்டையாகி, கோணலாகி, நின்றுவிடும். பிறகு முழங்கால் உயரக் குட்டைப் பிர்ச், குரோபெர்ரிப் புதர், அதற்கு மேலே டிரையாஸ், பாறையில் ஒட்டி வளரும் லைக்கன், வெறும் பாறை. தூந்திரா எங்கே தொடங்குகிறது, ஏன் தொடங்குகிறது என்பதைக் காலாலேயே அறியலாம். ஸ்வால்பார்டில் இது முடியாது. அங்கே எல்லையை எப்போதோ கடந்துவிட்ட நிலம்தான் முழுவதும், வில்லோவே விரல் உயரத்தைத் தாண்டாமல் தரையோடு படர்ந்து கிடக்கிறது.

இது மலைத் தூந்திராதானே, அசல் ஆர்க்டிக் அல்லவே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் செடிகளில் பல இரண்டிடத்துக்கும் பொது, அவற்றின் தந்திரங்களும் ஒன்றே.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்வால்பார்டு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. நார்வே வழியாகப் போய்த் திரும்ப இருமுறை நுழையும் விசா தேவை. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே நியூ-ஓலெசுண்டில் இயங்குவதால் அந்தத் தீவின்மேல் எனக்கும் தனிப் பிரியம் உண்டு.

ஸ்வால்பார்டில் நான் பார்த்தது லாங்யர்பியனின் சுற்றுவட்டாரம்தான். கப்பலில் வடக்கே போய் வால்ரஸ் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். குளிர்காலத்தில் இரண்டிலும் நான் இருந்ததில்லை. அபிஸ்கோவுக்குப் பூக்களுக்காகப் போவதென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை. அப்போது கொசு கடுமையாக இருக்கும், முகவலை எடுத்துக்கொள்ளுங்கள். கொசு வேண்டாம் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் போகலாம். பூ இருக்காது, குட்டைப் பிர்ச் சிவந்திருக்கும்.