வெள்ளிக்கிழமை மந்திரவாதி, சனிக்கிழமை மருந்துக்காரி

2024 மார்ச் 22, வெள்ளிக்கிழமை இரவு ‘ஃப்ரீரென்’ என்ற ஜப்பானிய அசைபடத் தொடரின் (அனிமே) முதல் பருவம் 28ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. மறுநாள் நள்ளிரவு தாண்டி, ஜப்பானில் 24ஆம் தேதி பிறந்த பிறகு, ‘மருந்துக்காரியின் முணுமுணுப்பு’ தொடரின் முதல் பருவமும் 24ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. இரண்டையும் ஒளிபரப்பியது ஒரே நிப்பான் டிவி. இரண்டும் 2023 இலையுதிர் காலத்தில் மூன்று வார இடைவெளியில் தொடங்கியவை. ஆறு மாதமாக என் வார இறுதியை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவை, சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.

எது மேல் என்று கேட்டால் அனிமே பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் ஃப்ரீரென் என்பார்கள். புத்தாண்டு வரை நானும் அந்தக் கட்சிதான். இப்போது கட்சி மாறிவிட்டேன். காரணம் சொல்ல வேண்டுமானால் இரண்டு கதைகளின் முடிச்சுகளையும் அவிழ்த்தாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடக்கத்திலிருந்தே ஃப்ரீரெனுக்கு ராஜ மரியாதை. வழக்கமாகத் திரைப்படம் போடும் வெள்ளி இரவு நேரத்தை ஒதுக்கி, முதல் நான்கு அத்தியாயங்களையும் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாகச் 2023 செப்டம்பர் 29 அன்று காட்டினார்கள். கானேஹிதோ யாமாதா எழுதி, த்சுகாசா அபே வரையும் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, அது. 2021இல் மங்கா தைஷோ விருது பெற்றது. மேட்ஹவுஸ் ஸ்டூடியோ, இயக்குநர் கெய்இசிரோ சைத்தோ, இசை இவான் கால். கதை, மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் தொடங்குகிறது. அசுர மன்னனைக் கொன்றாகிவிட்டது. பத்தாண்டுப் பயணம் முடிந்து நால்வரும் ஊர் திரும்புகிறார்கள். ஆயிரம் வயது தாண்டிய, நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இனத்து மந்திரவாதி ஃப்ரீரெனுக்குப் பத்தாண்டு என்பது நமக்கு ஒரு மழைக்காலம் மாதிரி. ஐம்பது ஆண்டு கழித்து எரிநட்சத்திர மழை பார்க்க வருகிறாள். வீரன் ஹிம்மெல் வழுக்கைத் தலைக் கிழவனாக நிற்கிறான். சில நாளில் இறந்தும் போகிறான். சவப்பெட்டிக்கு முன்னால் கல்லாக நிற்பவளைப் பார்த்து ஊர் முணுமுணுக்கிறது. மண்ணள்ளிப் போடும்போதுதான், இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அவள் கண்ணில் நீர் வருகிறது.

மருந்துக்காரிக்கு இந்த ஆடம்பரம் எதுவும் இல்லை. நாத்சு ஹ்யூகா இணையத்தில் எழுதத் தொடங்கி, பிறகு நூலாக வந்து, இரண்டு வேறு பதிப்பகங்களில் இரண்டு வேறு மங்காவாகவும் வந்துகொண்டிருக்கும் கதை. சீனச் சாயலில் ஒரு கற்பனை நாடு. கணிகையர் தெருவில் வளர்ந்த மாவோமாவோவைக் கடத்தி அந்தப்புரத்துக்கு வேலைக்காரியாக விற்றுவிடுகிறார்கள். அங்கே குழந்தைகள் காரணம் தெரியாமல் நோயில் விழுகின்றன. சாபம் என்று எல்லாரும் நடுங்கும்போது, தாய்மார் முகத்தில் அப்பும் வெள்ளைப் பூச்சுதான் நஞ்சு என்று இவள் கண்டுபிடிக்கிறாள். மை இல்லாததால் பாவாடைத் துணியைக் கிழித்துப் புல்லின் சாற்றால் எழுதி, ஒரு பூங்கிளையில் கட்டி, ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். எழுதியவளைப் பிடிக்க அந்தப்புர நிர்வாகி ஜின்ஷி செய்யும் தந்திரம் அழகு. பணிப்பெண்களை வரிசையில் நிறுத்தி, ‘மச்சமுகத்துக்காரி, நீ மட்டும் நில்’ என்று எழுதிய தாளைக் காட்டுகிறான். எழுத்தறியாத மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் கலைந்து போகிறார்கள். படிக்கத் தெரிந்த பாவத்துக்கு இவள் மட்டும் நின்றுவிடுகிறாள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கத் தோன்றியதற்குக் காரணம், நாயகியர் இருவரும் ஒரு விதத்தில் அக்காள் தங்கை. மனிதர்களின் மனசு இருவருக்கும் பிடிபடாது. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் பசி வந்த மாதிரி. ஃப்ரீரென் உதவாத மந்திரங்களையெல்லாம் ஊர் ஊராகச் சேகரிக்கிறாள். புதையல் பெட்டி வேடமிட்ட பூதம் என்று தெரிந்தே தலையை விட்டு, பாதி உடம்பு உள்ளே மாட்டிக்கொண்டு, ‘இருட்டா இருக்கிறதே, பயமா இருக்கிறதே’ என்று காலை உதைப்பாள். மாவோமாவோ நஞ்சு என்றதும் கன்னம் சிவப்பாள். தன் கையையே கீறி மருந்து சோதிப்பாள். அறிவை இவ்வளவு ஆசையோடு காட்டும் இரண்டு தொடர்கள் ஒரே பருவத்தில் வந்தது அதிர்ஷ்டம்தான்.

அந்த அறிவை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் வழி பிரிகிறது. ஃப்ரீரெனின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுக்கு முன் கல்லாக்கி அடைத்த குவால் என்ற அசுரன் விழிக்கிறான். எந்தக் கவசத்தையும் துளைத்து ஆளைக் கொல்லும் மந்திரம் அவன் கண்டுபிடிப்பு. விழித்ததும் அதையே ஏவுகிறான். ஃப்ரீரெனின் சீடச் சிறுமி ஃபெர்ன் அலட்டிக்கொள்ளாமல் தடுத்துவிடுகிறாள். அவன் தூங்கிய காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, தடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, கடைசியில் அதற்குச் ‘சாதாரணத் தாக்குதல் மந்திரம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு தலைமுறையின் கொலைக்கருவி அடுத்த தலைமுறைக்குப் பாடப்புத்தகம். இருபது நிமிடத்தில் விஞ்ஞான வரலாற்றையே சொல்லிவிட்ட அத்தியாயம் அது. எனக்கு இந்தப் பருவத்திலேயே மிகப் பிடித்தது எது என்று தனியாகக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மருந்துக்காரியில் அறிவு இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. முகப்பூச்சு நஞ்சு என்று சொல்லியும் கேளாமல் இளவரசனை இழந்த லீஹ்வா, பேரரசரின் மனைவியருள் ஒருத்தி, படுத்த படுக்கையாகிறாள். அவளைக் காப்பாற்ற மாவோமாவோவை அனுப்புகிறார்கள். தடை செய்த பூச்சை, எஜமானி அழகாக இருக்க வேண்டுமே என்ற அன்பில், ஒரு பணிப்பெண் ஒளித்து வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறாள். எப்போதும் முகம் மாறாத மாவோமாவோ அன்றைக்கு மட்டும் அவள் முடியைப் பிடித்து இழுத்து, அந்த மாவை அவள் மேலேயே கொட்டுகிறாள். பிள்ளையைக் கொன்றது எது என்று தெரிந்த பிறகும் இப்படியா என்று கத்துகிறாள். உண்மை தெரிவது ஒரு வேலை, அதை ஊரை ஏற்க வைப்பது வேறு வேலை. இரண்டாவதில் அவள் அடிக்கடி தோற்கிறாள். அந்தத் தோல்விதான் எனக்கு நெருக்கம்.

பதினோராம் அத்தியாயத்தின் தேன் விவகாரம் இன்னும் நெருக்கம். மூத்த மனைவி ஆடுவோவின் கைக்குழந்தை முன்னொரு காலத்தில் இறந்தது தேனால். உடம்புக்கு நல்லது என்று நம்பி, அவளுக்காக உயிரையே விடக்கூடிய தலைமைப் பணிப்பெண்தான் கொடுத்திருக்கிறாள். அந்த உண்மை எஜமானியின் காதுக்குப் போகக் கூடாது என்றுதான் இன்னொருத்திக்கு நஞ்சு வைக்கத் துணிகிறாள். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு வயது வரை தேன் கூடாது என்று மருத்துவர்கள் இன்றும் தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லி அலுக்கிறார்கள். அந்தக் காட்சியில் வில்லியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இதை ஃப்ரீரெனின் அசுரர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் மனித மொழி பேசுவது ஏமாற்றுவதற்கு மட்டுமே. ‘அம்மா’ என்று சொன்னால் கொல்ல மாட்டார்கள் என்பதற்காக அந்தச் சொல்லைச் சொல்லும் அசுரச் சிறுமி ஒருத்தி வருகிறாள். நடுங்க வைக்கும் காட்சி, சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு கூட்டத்தையே, பேசுவதெல்லாம் பொய், பேச்சுக்கு இடமில்லை, வெட்டிவிடு என்று அடித்து மூடிவிடுவது எனக்குக் கடைசி வரை உறுத்தியது. காலம், மறதி, துக்கம் என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற கதை, எதிரி என்று வந்ததும் ஏன் இவ்வளவு எளிதான கணக்குப் போடுகிறது?

சண்டை, ஓவியம், இசை இவற்றில் போட்டியே இல்லை. பத்தாம் அத்தியாயத்தில் அசுரத் தலைவி அவுராவின் தராசு ஃப்ரீரென் பக்கம் சாயும் நொடியைப் பாருங்கள். யாருக்கு மந்திர ஆற்றல் அதிகமோ அவருக்கு மற்றவர் அடிமை. ஆயிரம் ஆண்டு முழுக்கத் தன் ஆற்றலை மறைத்தே வாழ்ந்தவள் ஃப்ரீரென். அந்த வாழ்நாள் பொய்யே அவளுடைய ஆயுதம். கைகலப்பு இல்லாமல், ஒரே கட்டளையில் முடிகிறது. மருந்துக்காரியில் முகங்கள் பல நேரம் அசையாமல் நிற்கின்றன. ஜின்ஷி வரும்போதெல்லாம் பூவும் மினுமினுப்பும் தூவுவது முதல் பத்து முறை சிரிப்பு, அப்புறம் சலிப்பு. மாவோமாவோவைப் பூனைக்காதோடு குட்டிப் பொம்மையாக்கும் வேடிக்கையும் அப்படியே. அதைத் தாங்கி நிறுத்துவது ஆவோய் யூகியின் குரல்தான். உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வெளியே பணிவாகப் பேசும் அந்த இரட்டைத் தொனி வேறு யாருக்கும் வராது. ஃப்ரீரெனுக்குக் குரல் கொடுத்த அத்சுமி தானேஸாகிதான் ‘ஸ்பை ஃபேமிலி’யின் சிறுமி ஆன்யா என்று தெரிந்தபோது நம்ப எனக்கு ஒரு நாள் பிடித்தது.

காதல் விஷயத்தில் ஃப்ரீரென் ஒரு படி மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடித் தாமரை மோதிரத்தை ஹிம்மெல் மண்டியிட்டு அவள் விரலில் போடுவது, அதன் பொருள் என்றுமழியாத காதல் என்பது அவளுக்குத் தெரியாமலேயே போவது. அதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. ஜின்ஷியின் ஏக்கப் பார்வைகளை இதில் நான்கில் ஒரு பங்காகக் குறைத்திருக்கலாம்.

பிறகு ஏன் கட்சி மாறினேன்? இரண்டாம் பாதியால். பதினெட்டாம் அத்தியாயத்தில் முதல்நிலை மந்திரவாதித் தேர்வு தொடங்குகிறது. தொடர் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. இறந்தவனின் அடிச்சுவட்டில் நடந்த பயணக் கதை, பறவை பிடி, கல்லறைக் குகைக்குள் போ, பிரதியோடு மோது என்று மற்ற தொடர்கள் பலமுறை நடத்திவிட்ட தேர்வுக் கதையாகிறது. மந்திர சக்தி தீர்ந்ததும் முஷ்டியை மடக்கிக்கொண்டு அடிக்கப் போகும் கிழவர் டென்கென் போன்ற ஆட்கள் சுவைதான். 26ஆம் அத்தியாயத்தில் ஃப்ரீரெனின் பிரதியோடு நடக்கும் சண்டை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஹிம்மெல் எங்கே போனான்? வாரா வாரம் புதுப்புது மந்திரவாதிகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பெயர்களெல்லாம் ஜெர்மன் சொற்கள். ஃப்ரீரென் என்றால் உறைதல், ஹிம்மெல் என்றால் வானம். மனப்பாடத்துக்கு அதனாலும் பெரிய உதவியில்லை.

மருந்துக்காரி நேர் எதிர். நெடுநாள் வரை வாரம் ஒரு புதிர், தனித்தனியாக. மாவுக் கிடங்கு வெடித்தது, மீன் தின்று மயங்கினான், யாரோ ஒரு கைவினைஞர் செத்தார். துப்பறியும் துணுக்குகள் என்றே நினைத்தேன். ஜனவரிக்கு மேல் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. சடங்கு மண்டபத்தில் ஜின்ஷியின் தலைமேல் விழவிருந்த தூணும், ஊமத்தை கலந்த மருந்தால் செத்தது போல் நடித்துத் தப்பிய பெண்ணும் ஒரே கயிற்றின் முனைகள். அதைவிடப் பெரிது லாக்கான். மனித முகங்களே அடையாளம் தெரியாத, பலகையாட்டக் காய்களாக மட்டும் ஆட்களைப் பார்க்கிற, எரிச்சலூட்டும் ராணுவ அதிகாரி. 23ஆம் அத்தியாயத்தில் அவன் வாயாலேயே கதையைக் கேட்கிறோம்: அவனுக்கு முகம் தெரிந்த முதல் பெண் ஒரு கணிகை, வருவதாகச் சொல்லி வர முடியாமல் போன ஆண்டுகள், அவளிடமிருந்து வந்த பையில் இரண்டு சுண்டுவிரல் நுனிகள், ஒன்று கைக்குழந்தையுடையது. முதல் அத்தியாயத்திலிருந்து மாவோமாவோவின் கையை எத்தனை முறை பார்த்திருப்போம். அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தோமா?

ஆகவே யாருக்கு எது? ஒரே மூச்சில் பத்து அத்தியாயம் பார்த்துவிட்டு மனம் கனக்க வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரீரென். பதினேழோடு நிறுத்தினாலும் குறையில்லை. பொறுமையுள்ளவர்களுக்கு மருந்துக்காரி, நடுவில் நிறுத்தினால் பணம் கட்டிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்த கதைதான். இதே பருவத்தில் வந்த ‘சோலோ லெவலிங்’கையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். முதல் பருவம் பன்னிரண்டு அத்தியாயம், தீபாவளி இரவு மாதிரி. காலையில் காகிதக் குப்பை. முதல் இரண்டு அத்தியாயத்தின் சிலைகள் மட்டும் இன்னும் பயமுறுத்துகின்றன.

கடைசி அத்தியாயங்கள் இரண்டும் பரிசு கேட்பதில் முடிகின்றன என்பதை மறுமுறை பார்த்தபோதுதான் கவனித்தேன். தேர்வில் வென்ற ஃபெர்ன், உலகின் எந்த மந்திரத்தை வேண்டுமானாலும் கேட்கலாம். துணியின் கறை போக்கும் மந்திரத்தை வாங்கிக்கொண்டு வருகிறாள். மாவோமாவோ, தன்னைப் பெற்றவளை லாக்கான் மீட்டுக் கூட்டிப்போகும் இரவில், மதில்மேல் ஏறித் தனியாக ஆடுகிறாள். காலின் பழைய காயம் பிரிந்து ரத்தம் கசிகிறது. பதறிப்போன ஜின்ஷி தூக்கிக்கொள்கிறான். வெகுநாளாகக் கேட்க நினைத்தேன் என்று அவள் தொடங்க, அவன் முகம் மலர்கிறது. வாக்களித்த அந்த மருந்தை எப்போது தருவீர்கள் என்கிறாள். சப்டைட்டிலில் இருந்த சொல் எனக்கு விளங்கவில்லை. நிறுத்தித் தேடினேன். மாட்டின் பித்தப்பையில் கிடைக்கும் கல்: நம் நாட்டு மருந்துக்கடைக் கோரோசனை. ஜின்ஷி தன் நெற்றியால் அவள் நெற்றியில் ஒரு முட்டு முட்டுகிறான்.