சென்னை ரேடார் படம் வேலூருக்கு எவ்வளவு உதவும்?

கோடை இடிமழைக் காலத்தில், களத்தில் நிலக்கடலை காயும்போது, அடுத்த இரண்டு மணி நேரத்தை அறிய இந்திய வானிலைத் துறை இலவசமாகத் தரும் சென்னை டாப்ளர் ரேடார் படத்தைவிட நல்ல துணை வேலூர்க்காரர்களுக்கு இல்லை. 5-க்கு 4 தரலாம். ஆனால் அதில் தெரியும் நிறமெல்லாம் மழை அல்ல.

படத்தில் உள்ள யுடிசி (உலகப் பொது) நேரத்துடன் 5.30 மணி கூட்டுங்கள். ஒவ்வோர் இடத்துக்கு மேலும் கிடைத்த மிக வலுவான எதிரொலியைக் காட்டும் 'மேக்ஸ் இசட்' படங்களில் அடுத்தடுத்து மூன்றை ஒப்பிடுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் திட்டாக எழுந்து, வடிவம் மாறிக்கொண்டே நகர்ந்தால் அது மழை. ரேடார் இருக்கும் நடுப்புள்ளியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நேர்கோடாக ஓடி, அதே திசையிலேயே நின்றால் அது வேறொரு ரேடியோ கருவியின் அலை. எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைத்தான் ரேடார் தூரமாகக் கணக்கிடுகிறது. அயல் அலை இடைவிடாமல் வருவதால் எல்லாத் தூரத்திலும் 'மழை' பதிவாகும். தொலைவு கூடக்கூட எதிரொலியைப் பெருக்கிக் காட்டுவதும் ரேடாரின் கணக்கு. அதனால் கோட்டின் வெளிமுனை இன்னும் கெட்டியாகத் தெரியும். வடிகட்டியில் சிக்காத கோடு, 24 மணி நேர மழைக் கூட்டுத்தொகையிலும் சேர்ந்துவிடும்.

வீட்டு வைஃபையைச் சந்தேகிக்க வேண்டாம். சென்னை ரேடார் எஸ்-பேண்டில், 2.7 முதல் 2.9 கிகாஹெர்ட்ஸுக்குள் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தொல்லை தருவது 5.6 அருகே இயங்கும் சி-பேண்ட் ரேடார்களுக்கு.

ஒரு மதிப்பெண் குறைந்தது தூரத்தால். வேலூர் நேர்கோட்டில் சுமார் 125 கி.மீ.; 0.5 டிகிரி கோணத்தில் கதிர் நம் தலைக்கு மேல் 2 கி.மீ. உயரத்தில் போகிறது, ஆம்பூரில் 3 கி.மீ.க்கும் மேல். தாழ்ந்த மேகத்தின் தூறல் படத்தில் வராது.

மூன்று நாள் முன்கணிப்பில் வரக்கூடிய இடையூறுதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது. அந்த முன்கணிப்புக்காக, நீராவி தானே உமிழும் மெல்லிய அலையைச் செயற்கைக்கோள்கள் 23.8 கிகாஹெர்ட்ஸில் அளக்கின்றன. 2022-இல் இங்கே 5ஜிக்கு ஏலம் போன அலைவரிசை 24.25-இல் தொடங்குகிறது. கசியும் ஆற்றல் ஈரப்பதம் போலவே பதிவாகும். ஆரக்கால் வடிவம் இல்லாததால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். 2019 உலக ரேடியோ மாநாடு செல்போன் கோபுரக் கசிவுக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு −33 டெசிபல் வாட் என வரம்பு வைத்தது; 2027 செப்டம்பர் 1-க்குப் பின் வருபவற்றுக்கு −39. உலக வானிலை அமைப்பு கேட்டதோ −55. இந்த அளவில் எண் 10 இறங்கினால் கசிவு பத்தில் ஒரு பங்காகும். கடுமையான அந்த −39 கூட, கேட்டதைவிட சுமார் 40 மடங்கு கசிவை அனுமதிக்கிறது.