கார் இல்லாமல் டெல்டா: ரயிலா, பஸ்ஸா, ஆட்டோவா?

எங்கள் வீட்டில் வாடகைக் கார் எடுக்காததற்குக் காரணம் சிக்கனம் அல்ல, அம்மா. கண்ணாடி ஏற்றிய ஏசி காரில் ஐந்தாவது கிலோமீட்டரில் எலுமிச்சம்பழம் கேட்பார். பத்தாவது கிலோமீட்டரில் வண்டியை ஓரம்கட்டச் சொல்வார். அதே அம்மா ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பஸ்ஸில் நாகப்பட்டினம் வரைக்கும் பக்கத்து இருக்கைக்காரியின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டே வருவார். ஆகவே அம்மா, அத்தை, மனைவி, எட்டு வயது மகன், நான்கு வயது மகள், நான் என்று ஆறு பேர், நான்கு நாள், கார் கிடையாது என்று முடிவானது.

கிளம்புவதற்கு முன் எல்லாரையும் போல நானும் தூரத்தையும் கட்டணத்தையும்தான் கணக்குப் போட்டேன். இரண்டாவது நாளே கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. டெல்டாவில் பயணத்தை ஆளுவது கோயில் நடை. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எந்த வண்டி மலிவு என்பதைவிட, அந்த நான்கு மணி நேரம் வரும்போது நம்மை எங்கே வைத்திருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் எங்கே தங்குவது என்ற வழக்கைத் தீர்த்துவிடலாம். தஞ்சாவூரில் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் மூன்றும் பக்கம் பக்கம். அவற்றைப் பார்த்து முடித்தால் திருவையாறு நீங்கலாக மற்றவை எல்லாம் தொலைவு. கும்பகோணமே 40 கிலோமீட்டர். வெளியூர் பஸ்களுக்கான புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பழைய நிலையத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். கும்பகோணத்திலோ ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே. கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, நாகேசுவரர் கோயில்களும் மகாமகக் குளமும் ஊருக்குள்ளேயே. நான் கும்பகோணத்துக்கே வாக்களிப்பேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது, அந்தச் சமயத்தில் குடும்பத்தோடு அறை தேடி இறங்க வேண்டாம்.

இனி ரயில். டெல்டாவின் ரயில் பாதையை ஒரு முக்கோணமாக நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் மூன்றும் அதன் முனைகள். கும்பகோணம் ஒரு பக்கத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து வடக்கே வைத்தீசுவரன்கோயில், சீர்காழி, சிதம்பரம். திருவாரூரிலிருந்து கிழக்கே சிக்கல், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால். வேளாங்கண்ணிக்கும் 2010 முதல் ரயில் இருக்கிறது. இந்தக் கோடுகளின் மேல் இருக்கும் ஊர் என்றால் ரயிலை முதலில் யோசியுங்கள். முக்கோணத்தின் வயிற்றுக்குள் இருக்கும் நாச்சியார்கோயில், குடவாசல், வலங்கைமான், ஆலங்குடிக்கு ரயில் கிடையாது. கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்கே ரயிலில் போக நினைத்தால் ஏதாவது ஒரு முனையைச் சுற்றித்தான் போக வேண்டும்; குடவாசல் வழி பஸ் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

குடும்பத்துக்கு ரயிலின் முதல் பெருமை எதுவென்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வேன்: கழிப்பறை. எழுபது வயதுக்காரருக்கும் நான்கு வயதுக்காரிக்கும் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. முன்பதிவில்லாத பயணிகள் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட்.

குறை இரண்டு. மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வந்து கடக்கும்வரை ஏதோ ஒரு சிற்றூரில் நம்மை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். நாங்கள் அப்படி நின்றது இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல் இருந்த ஓர் இடம். மகன் மடையான் கொக்குகளை எண்ணத் தொடங்கி முப்பத்தொன்றில் அலுத்து நிறுத்தினான், வண்டி அதற்குப் பிறகும் நகரவில்லை. இன்னொன்று, எல்லா நிலையங்களிலும் நிற்கும் பயணிகள் வண்டிகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். தாராசுரம், சுவாமிமலை, திருநாகேசுவரம், திருவிடைமருதூர் என்று அடுத்தடுத்துக் கோயில் ஊர்களின் பெயரில் நிலையங்கள் இருப்பதைப் பார்த்து, ஒன்றில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறி அடுத்ததில் இறங்கலாம் என்று நான் காகிதத்தில் ஓர் அழகான திட்டம் போட்டிருந்தேன். அடுத்த வண்டி வருவதற்குள் நடை சாத்திவிடும். நடைமேடை தாழ்வாக இருந்த ஒரு நிலையத்தில் அம்மாவை இறக்க நான் கீழேயும் மனைவி மேலேயும் நின்று பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அத்தையே அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதனால் ரயிலைச் சிற்றூர் தாவுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள், நீள ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்கும் சிதம்பரத்துக்கும் ரயில்தான். இரண்டு ஊர்களிலும் நிலையத்திலிருந்து கோயில் தொலைவில்லை. தஞ்சாவூருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னதாகப் போய்ச் சேருங்கள். 1010-இல் இராசராசன் கட்டி முடித்த கல், பத்தரை மணிக்கு மேல் வெறுங்காலை என்ன செய்யும் என்பதை என் மகள் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

பஸ் விஷயத்தில் நான் ஒருதலைப்பட்சமானவன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை சாலையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று யாரும் வருந்தியதாகக் கேள்விப்பட்டதில்லை, அடுத்தது பின்னாலேயே வரும். பட்டுக்குப் பேர்போன திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை எல்லாம் அந்தச் சாலையிலேயே இருக்கின்றன. ஏறலாம், இறங்கலாம், பார்க்கலாம், மறுபடி ஏறலாம். ரயிலில் நடக்காத என் காகிதத் திட்டம் பஸ்ஸில் நடந்தது. ஒரு காலைப்பொழுதில் திருபுவனமும் திருவிடைமருதூரும் முடிந்து பதினொன்றரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டோம்.

கட்டணத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். சுவாமிமலைக்குப் போன டவுன் பஸ்ஸில் அம்மா, அத்தை, மனைவி மூவருக்கும் கட்டணமில்லாச் சீட்டு. மகளுக்கு ஐந்து வயது ஆகவில்லை என்பதால் சீட்டே இல்லை. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான் கொடுத்த காசு ஒன்றரை டிக்கெட்டுக்கு. அம்மா தன் சீட்டை வாங்கி, இரண்டாக மடித்து, சுருக்குப் பையில் பத்து ரூபாய்த் தாள்களோடு வைத்துக்கொண்டார். அன்று முழுக்க "நான் என் டிக்கெட்டில் வந்தவள்" என்ற தோரணையிலேயே இருந்தார். ஆனால் தனியார் டவுன் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் இந்தச் சலுகை கிடையாது, வெளியூர் பஸ்ஸிலும் இல்லை. பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

பஸ்ஸின் பகை கூட்டம். கூட்டம் என்றால் எப்போதும் அல்ல. காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மாலை நான்கிலிருந்து ஐந்தரை: பள்ளியும் கல்லூரியும் தொடங்கும், விடும் நேரம். இதில் உள்ள சூட்சுமத்தை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். கோயில் நடை திறக்கும் அதே நான்கு மணிக்குத்தான் பள்ளியும் விடுகிறது. மதியத் தூக்கம் முடிந்து உற்சாகமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்தால் புத்தகப்பைகளின் நடுவே ஒற்றைக் காலில் நிற்க வேண்டிவரும். ஆகவே மாலைக்கு வைத்துக்கொள்ளும் கோயில் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் தங்குங்கள் என்று முன்பே சொன்னதன் உண்மையான காரணம் இதுதான். காலையில் சக்கரம், மதியம் கட்டில், மாலையில் கால்.

இந்த விதியை மீறிய ஒரே நாள் கங்கைகொண்ட சோழபுரம் போன நாள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ் கோயிலருகே இறக்கிவிடும். ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தானே என்று இட்லிக்குக் கடப்பா இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டுவிட்டு ஆற அமரக் கிளம்பினோம். இறங்கியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கருவறைக் கதவு மூடியிருந்தது. திரும்பிப் போய் மறுபடி வருவதில் அர்த்தமில்லை. பிள்ளைகள் புல்வெளியில் உருண்டார்கள், சிங்கக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அம்மா மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்கு மட்டும் வடக்குச் சுவரில் சிவன் சண்டேசுவரர் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் அரை மணி நேரம் கிடைத்தது. கார் இருந்திருந்தால் அந்த அரை மணி எனக்குக் கிடைத்திருக்காது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் தண்ணீர்ப் பாட்டில் காலி என்றாள். இந்த ஊருக்கு மட்டும் காலை ஏழு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கட்டும்.

நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் வார இறுதிச் சிறப்புப் பேருந்து ஒன்றைத் தொடங்கியது. அப்போது கட்டணம் 750 ரூபாய். ஒன்பது தலங்களும் ஒரே பக்கத்தில் இல்லை. சந்திரனுக்குரிய திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், சனிக்குரிய திருநள்ளாறு கிழக்கே காரைக்காலில். சாதாரண பஸ்களில் மாறி மாறிப் போனால் இரண்டு நாளாவது வேண்டும். விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் முடித்துத் தரும் அந்தப் பேருந்து, பரிகாரம் நேர்ந்துகொண்டவர்களுக்கு வரப்பிரசாதம். நடை சாத்தும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் வேலையும் நம்முடையதல்ல. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. நான்கு வயதுக் குழந்தையை ஒரே நாளில் ஒன்பது வரிசையில் நிறுத்தினால் பத்தாவது கிரகத்தைப் பார்க்க நேரிடும்.

மிச்சம் ஆட்டோ. ஆட்டோவில் மூன்று பேர் என்பது விதி. ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. நாள் வாடகை பேசினால் கார் வாடகையை எட்டிப் பிடித்துவிடுகிறது, அப்புறம் எதற்குக் காரை வேண்டாம் என்றோம் என்ற கேள்வி எழும். அரை நாளுக்கு, தாராசுரம், பட்டீசுவரம், சுவாமிமலை என்று மேற்குப் பக்கக் கொத்து ஒன்றுக்கு மட்டும் பேசிக்கொள்வது நல்லது. காத்திருக்கும் கூலியையும் சேர்த்து ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தாராசுரத்தில் குட்டிக் குட்டிச் சிற்பங்களைக் குனிந்து பார்க்கவே ஒரு மணி நேரம் போகும். பஸ்ஸில் போனோம் என்றால் "அடுத்த பஸ் எப்போது" என்ற எண்ணம் பின்மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் அது இல்லை.

எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர்களில் ஒருவர் கேட்காமலேயே ஒரு பட்டுக் கடை வாசலில் நிறுத்தினார். நாங்கள் இறங்காததில் அவருக்குச் சற்று மனத்தாங்கல். மற்றவர் சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடத்தின் முன் நிறுத்தினார். உள்ளே ஒருவர் தரையில் உட்கார்ந்து, மெழுகில் வார்த்த நடராசரின் விரல் நுனியைச் சூடான கம்பியால் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழைத்து வைத்த காவிரி வண்டல் மண். அந்த மண்ணை மெழுகின் மேல் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்களாம். "அப்போ மெழுகு சாமி செத்துப் போயிடுமா?" என்று மகன் கேட்டான். சிற்பி தலை நிமிராமல், "உள்ளே வேற சாமி வந்துடும்" என்றார். அதன் பிறகு சுவாமிமலையின் 60 படிகளை அம்மா தமிழ் வருடப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஏறினார். 'விரோதி'யில் உட்கார்ந்து இளைப்பாறினார்.

கடற்கரைப் பக்கம் போவதென்றால் இடத்தை மாற்றி மயிலாடுதுறையில் ஒரு நாள் தங்குவது மேல். அங்கே ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒட்டியில்லை, நடுவே ஆட்டோ உண்டு. நேரத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூன்றையும் ஒரே நாளில் பார்க்க உள்ளூர் பஸ்ஸே போதும். பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் மயிலாடுதுறையிலிருந்து பஸ்தான். தரங்கம்பாடிக்கு முன்பு ரயில் ஓடியது, 1980-களில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த ரயில் நினைவிருக்கிறது. டேனியர்கள் 1620-இல் கட்டிய கோட்டையின் மதிலருகே காற்றுக்கு முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிலையம் எந்தப் பக்கம் இருந்தது என்று வெகுநேரம் தேடினார். பிறகு திரும்பிப் போக ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமா என்று கேட்டார்.